ஒரு சூப்பர் வில்லனின் வரலாற்றைத் தடம் பிடிப்பது எப்படி: லெக்ஸ் லூதரின் தலைமுடியிலிருந்து தொடங்குவோம்

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் படிக்க ஆசைப்பட்டு, எண்பது ஆண்டுகளுக்கும் மேல் குவிந்து கிடக்கும் இதழ்களில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் விலகிப்போனவர்கள் பலர். என் யோசனை, நாயகனை விட்டுவிட்டு ஒரே ஒரு வில்லனைப் பின்தொடர்வதுதான். சூப்பர்மேன் மாதந்தோறும் வந்துகொண்டே இருப்பான். வில்லனோ இடைவெளி விட்டு வருகிறான், வரும்போது என்ன மாறியிருக்கிறது என்பது உடனே கண்ணில் படுகிறது.

முதல் படி, வில்லனைத் தேர்ந்தெடுப்பது. நீண்ட வரலாறு இருக்க வேண்டும். முகமூடிக்குள் இருப்பவர் அடிக்கடி மாறக் கூடாது. ஸ்பைடர்மேனின் எதிரியான கிரீன் காப்ளின் வேடத்தைப் பலர் அணிந்திருப்பதால் புதியவர்களுக்கு அது குழப்பமே தரும். இங்கே சூப்பர்மேனின் எதிரி லூதரை எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி, முதல் தோற்றத்தைக் குறித்துக்கொள்வது. லூதர் முதலில் வந்தது ஆக்ஷன் காமிக்ஸ் 23-ஆம் இதழில். அதன் அட்டையில் ஏப்ரல் 1940 என்று இருக்கும். ஆனால் அட்டையில் உள்ள மாதம் இதழ் கடைக்கு வந்த மாதம் அன்று. சூப்பர்மேன் அறிமுகமான முதல் இதழின் அட்டையில் ஜூன் 1938 என்றிருந்தாலும், அது விற்பனைக்கு வந்தது ஏப்ரலில்தான். நாட்டு நடப்போடு கதையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளாவிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

மூன்றாம் படிதான் முக்கியமானது. வில்லனின் உருவத்தில் மாறிய ஏதேனும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, அது ஏன் மாறியது என்று இரண்டு முறை கேட்க வேண்டும்: கதைக்கு உள்ளே என்ன காரணம், கதைக்கு வெளியே என்ன காரணம். லூதருக்கு அந்த அடையாளம் தலைமுடி. 1940-இல் அவனுக்குச் செம்பட்டை முடி அடர்த்தியாகவே இருந்தது. 1941-இல் நாளிதழில் வந்த சூப்பர்மேன் தொடரில் அவன் வழுக்கைத் தலையனாகிவிட்டான். ஓவியர் செய்த பிழை என்றே இதைப் பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே அல்ட்ரா ஹ்யூமனைட் என்ற வழுக்கைத் தலை விஞ்ஞானி சூப்பர்மேனின் எதிரியாக வந்துவிட்டதால், இருவரையும் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்பது ஓர் ஊகம். ஆக, வெளிக்காரணம் மட்டுமே இருந்தது. உள்காரணம் பிறக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

1960-இல் வந்த அட்வென்ச்சர் காமிக்ஸ் 271-ஆம் இதழ் அந்தக் குறையைத் தீர்த்தது. சிறுவன் லூதர், சூப்பர்மேனின் சிறுவயது வடிவமான சூப்பர்பாயின் ரசிகன். தன் உயிரை லூதர் காப்பாற்றியதற்கு நன்றியாக சூப்பர்பாய் அவனுக்கு ஓர் ஆய்வகமே கட்டித் தருகிறான். அங்கே லூதரின் கவனக்குறைவால் தீப்பிடிக்க, சூப்பர்பாய் ஊதி அணைக்கிறான். கிளம்பிய ரசாயனப் புகையில் லூதரின் முடி கொட்டிவிடுகிறது, அவன் செய்த கண்டுபிடிப்பும் அழிகிறது. பொறாமையால் வேண்டுமென்றே செய்தான் என்று நம்பிப் பகைவனாகிறான். முடி போனதற்கு உலகத்தையே பழிவாங்குவதா என்று பலர் கேலி செய்வதுண்டு. எனக்கு அது சரியான வாசிப்பாகத் தோன்றவில்லை: தன் வினையின் பழியை அடுத்தவன் தலையில் போடும் குணமே அங்கே லூதருக்குத் தரப்பட்டது.

நான்காம் படியாக, அந்தக் குணம் வேறு எங்கே தலைகாட்டுகிறது என்று தேடுங்கள். 1963-இல் வந்த சூப்பர்மேன் 164-ஆம் இதழில், சூப்பர்மேனின் சக்திகள் செல்லாத செஞ்சூரிய உலகமொன்றில் இருவரும் வெறுங்கையால் மோதுகிறார்கள். அந்த வறண்ட உலகத்து மக்களுக்குச் சூப்பர்மேன் மூலம் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பதற்காக லூதர் தெரிந்தே தோற்கிறான். அவர்கள் அவனைத் தலைவனாகக் கொண்டாடுகிறார்கள். லெக்ஸார் என்று பெயர் பெறும் அந்த உலகில் பின்னர் மணம் முடித்துக் குடும்பமும் காண்கிறான். 1983-இல், ஆக்ஷன் காமிக்ஸ் 544-ஆம் இதழில், சூப்பர்மேனை நோக்கி அவன் ஏவிய கதிர் திசைமாறி மனைவி, மகனோடு அந்த உலகத்தையே அழித்துவிடுகிறது. பழி மறுபடியும் சூப்பர்மேன் மேல்தான். இந்த மூன்று இதழ்களையும் வரிசையாகப் படித்தால் போதும். இடையில் உள்ள நூற்றுக்கணக்கான இதழ்கள் பிறகு தாமாகப் பொருந்தும்.

ஐந்தாம் படி, வரலாறு அறுந்து புதிதாகத் தொடங்கிய இடத்தைக் கண்டுகொள்வது. லூதருக்கு அது 1986. ஜான் பைர்ன் எழுதி வரைந்த மறுதொடக்கத்தில் ஆய்வகத் தீ கிடையாது. லூதர் மெட்ரோபொலிஸ் நகரையே கைக்குள் வைத்திருக்கும் பெருமுதலாளி. சிறைச் சீருடையில் திரிந்தவன் கோட்டு சூட்டுக்கு மாறியதால் சட்டமும் அவனைத் தொடத் தயங்குகிறது. 2000-இல் கதைக்குள் அமெரிக்க அதிபராகவே தேர்ந்தெடுக்கப்படுகிறான். பழைய லூதரைத் தேடி இந்தப் பக்கத்தில் வந்தால் ஏமாறுவீர்கள். இரண்டையும் தனித்தனிப் பக்கங்களில் குறித்து வையுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். 1991-இல் நீண்ட செம்பட்டை முடியும் தாடியுமாக, லூதரின் மகன் என்று சொல்லிக்கொண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் இளைஞன் வருகிறான். அவன் யார் என்பதை இணையத்தில் தேடாமல், 1940-இன் படத்தை அருகில் வைத்துக்கொண்டு அந்த இதழ்களைப் படித்துப் பாருங்கள்.