உயரம் கூட்டும் அறுவை சிகிச்சை: சம்மதிப்பதற்கு முன்

நான் பிசியோதெரபிஸ்ட். உயரமாக வேண்டும் என்று வருபவர்களிடம் முதலில் கணக்கைத்தான் சொல்வேன். கால் எலும்பை வெட்டி, நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் விலக்குவார்கள், 1950களில் ரஷ்யாவின் கூர்கன் பகுதியில் இலிசரோவ் என்ற எலும்பு மருத்துவர் உருவாக்கிய முறைதான் இன்றும் அடிப்படை. 5 செ.மீ. வேண்டுமென்றால் விலக்க மட்டுமே 50 நாள். இடைவெளியில் ஊறும் புது எலும்பு கெட்டிப்பட அப்புறமும் பல மாதங்கள்.

தசையும் நரம்பும் அவ்வளவு சுலபமாக இணங்காது. கெண்டைக்கால் இறுகி, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பவர்களைப் பார்க்கிறேன். சுவரில் கைவைத்து அந்தக் குதிகாலைக் கீழே அழுத்தும்போது கண்ணில் நீர் வந்துவிடும். அதைத் தினமும் செய்ய முடியுமா? அத்தனை மாதம் வேலைக்குப் போகாமல் சமாளிக்க முடியுமா? பக்கத்தில் யார் இருப்பார்கள்? பதிலை எழுதிப் பாருங்கள். சிகரெட் பிடிப்பவர் இப்போதே நிறுத்துங்கள். புகைத்தால் எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும்.

உயரக் கவலை தூக்கத்தையே கெடுக்கிறதென்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த வேதனை பொய்யில்லை, ஆனால் கத்திதான் மருந்து என்றில்லை.

சரி, அறுவைதான் என்றால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: எலும்பு ஒன்றுசேராமல் போனாலோ, கிருமி தொற்றினாலோ என்ன செய்வீர்கள், அந்தச் செலவு யாருடையது? எலும்பைத் தாங்க அதற்குள் வைக்கும் உலோக ஆணியை வெளியே எடுக்கும் இரண்டாவது அறுவையும் கட்டணத்தில் சேருமா?