சர்க்கரை இருப்பவர்கள் குழந்தைக்குத் தயாராகும்போது செய்யக் கூடாத தவறுகள்

கர்ப்பத்தில் புதிதாக வரும் சர்க்கரையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை இருக்கும் பெண் கர்ப்பமாவது வேறு விஷயம், அதில் பெரிய தவறு கர்ப்பத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது.

"நாள் தள்ளிப் போகட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம்" என்று இருப்பதுதான் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் தள்ளி, சில நாள் பொறுத்து, மெடிக்கலில் கிட் வாங்கி இரண்டு கோடு தெரியும்போதே, கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஐந்து வாரம் ஆகியிருக்கும், டாக்டரைப் பார்க்கும்போது ஆறோ ஏழோ. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய் ஆறாவது வாரத்திலேயே மூடிவிடுகிறது, இதயம் உருவாவதும் அந்த நாட்களில்தான். அப்போது சர்க்கரை ஏறிக் கிடந்தால் பிறவிக் குறைபாடும் கருச்சிதைவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. 10-க்கு மேல் இருந்தால் தயவுசெய்து தள்ளிப் போடுங்கள், வீட்டில் யார் அவசரப்படுத்தினாலும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பல டாக்டர்கள் 5 மில்லிகிராம் தருவார்கள்.

அடுத்தது மாத்திரைகள். கர்ப்பம் என்றதும் பயந்து சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்துகிறார்கள், ஆனால் கூடவே போட்டுவரும் பிரஷர் மாத்திரை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை, கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டினையும் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள், எதை மாற்றுவது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

இன்சுலின் என்றாலே "குழந்தைக்கு ஆகாது" என்று மறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், நாம் போடும் இன்சுலின் அப்படிப் போவதில்லை. மறுப்பதால் யாருக்குக் கெடுதல் என்று நீங்களே பாருங்கள்.

சாப்பாட்டில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று அத்தையும் பாட்டியும் தட்டை நிரப்புவது ஒன்று, பயந்துபோய் இரவு பட்டினி கிடப்பது இன்னொன்று. வளைகாப்பன்று புளிசாதம், தேங்காய்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வரிசையாக வரும். ஒரு கை அளவு எடுத்து, காயும் பருப்பும் கூட்டிச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் போதும், 140-க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் 95-க்குள். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதும் தவறுதான்.

முதல் மூன்று மாதம் வாந்தியோடு சர்க்கரை திடீரென்று இறங்கலாம். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், கணவருக்கும் இது தெரிந்திருக்கட்டும். வாந்தி நிற்கவில்லை என்றால் வீட்டில் இருக்காதீர்கள், முக்கியமாக டைப் 1, அதாவது உடலில் இன்சுலினே கிட்டத்தட்ட சுரக்காத வகை, உள்ளவர்கள். சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கண் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை வேகமாகக் குறையும்போது விழித்திரைப் பாதிப்பு சிலருக்குக் கூடும், முன்பும் கர்ப்பத்திலும் பார்க்க வேண்டும்.

பிரசவம் முடிந்த அன்றே இன்சுலின் தேவை சட்டென்று இறங்கிவிடும். ஒன்பதாம் மாத அளவையே போட்டுக்கொண்டிருந்தால், இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது மயக்கம் வரலாம். வார்டை விட்டுக் கிளம்பும் முன் புது அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.