ஊர் சுற்றிய பொலிகுதிரையைப் பழைய விளம்பரங்களில் பின்தொடர்வது எப்படி

19ஆம் நூற்றாண்டின் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து நாட்டுப்புறச் செய்தித்தாள் எதையாவது எடுத்து ஆகஸ்டு, செப்டம்பர் இதழ்களைத் திறந்தால் சின்னக் குதிரைப் படம் போட்ட விளம்பரங்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் பொலிகுதிரை, அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் குதிரை, விளம்பரங்கள். அங்கே அப்போதுதான் வசந்தம் தொடங்கும், பெட்டைகள் பருவத்துக்கு வரும் காலம். உழவுக்கும் வண்டிக்கும் குதிரை இல்லாமல் ஒரு பண்ணை ஓடாது, ஆனால் சிறு விவசாயி நல்ல பொலிகுதிரை ஒன்றைச் சொந்தமாக வைத்துக் கட்டுப்படியாகாது. நம் ஊரில் பொலிகாளை இருக்கிற வீட்டுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போவோம். அங்கே குதிரையே ஒரு குதிரைக்காரரோடு நடந்து பண்ணை பண்ணையாக வந்துவிடும்.

இந்தக் குதிரைகளில் ஒன்றை இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே தடம் பிடிக்கலாம், செலவும் கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம், நியூசிலாந்துக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் தளம். இரண்டிலும் விளம்பரங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதை முதலில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பந்தயச் செய்திகளில் மூழ்கிவிடுவீர்கள்.

தேடுசொல் முக்கியம். பொலிகுதிரைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாலியன்', அதை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும், ஏனென்றால் அந்தக் கால விளம்பரங்களில் 'என்டயர்' என்றுதான் அதிகம் போடுவார்கள், காயடிக்காத முழுக்குதிரை என்ற பொருளில். 'வில் டிராவல்' (ஊர் சுற்றும்), 'வில் ஸ்டாண்ட் திஸ் சீசன்' (இந்தப் பருவத்தில் பொலிக்கு நிற்கும்) என்ற ஆங்கிலத் தொடர்களை மேற்கோள் குறிக்குள் வைத்து, கூடவே மாவட்டத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். எழுத்தை இயந்திரம்தான் படித்திருக்கிறது, அதுவும் மை பரவிய பக்கத்திலிருந்து, அதனால் 'கிளைட்ஸ்டேல்' என்ற கனமான இழுவைக் குதிரை இனத்தின் பெயர் வரி முடிவில் இரண்டாக உடைந்து கிடக்கும், குதிரையின் பெயரே வேறொன்றாகியிருக்கும். ஒரு சொல் விழவில்லையென்றால் உரிமையாளர் பெயர், பண்ணையின் பெயர், விடுதியின் பெயர் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ட்ரோவில் தப்பான வரியை நீங்களே திருத்திவிடலாம், அடுத்து வருகிறவருக்கு உதவும்.

விளம்பரம் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் வம்சாவளிக்குத்தான் தாவுவார்கள். வேண்டாம், முதலில் பாதையைப் பாருங்கள். வம்சாவளியில் உரிமையாளர் கதை அளக்கலாம்; பாதையில் கதை அளந்தால் திங்கட்கிழமை பெட்டையை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பவர் சும்மா விடமாட்டார். திங்கள் காலை இந்த ஊரிலிருந்து கிளம்பி, மதியம் இன்னார் பண்ணை, இரவு இன்ன விடுதி, செவ்வாய் அடுத்தது என்று போய், சனிக்கிழமை வீடு திரும்பி ஞாயிறு ஓய்வு. பெரும்பாலும் வாரச் சுற்றுதான், சில இடங்களில் இரு வாரம்.

ஏன் வாரம்? பெட்டைக் குதிரை ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், பருவம் சுமார் 5 முதல் 7 நாள் நிற்கும். வாரம் ஒருமுறை வந்தால் எந்தப் பெட்டையின் பருவமும் அநேகமாகத் தப்பாது. மூன்று வாரம் கழித்து அதே வாசலுக்கு வரும்போது வேலிக்கு அந்தப்பக்கம் பெட்டையை நிறுத்திப் பார்ப்பார்கள். காதை மடக்கி உதைத்து விரட்டினால் சினை பிடித்திருக்கிறது என்று கணக்கு. ஸ்கேன் எல்லாம் ஏது, அந்த உதைதான் அன்றைய பரிசோதனை.

சரி, பாதையை வரைபடத்தில் போடுங்கள். பழைய ஊர்ப்பெயர்கள் பல மாறிவிட்டன, சில விடுதிகள் இருந்த இடத்தில் இன்று வெறும் புல்வெளி. விடுதி எங்கே என்று தெரியவில்லையா? அதே செய்தித்தாளில் மதுக்கடை உரிம வழக்குகளின் செய்தியைத் தேடுங்கள், விடுதிப் பெயரும் நடத்துபவர் பெயரும் ஊரும் சேர்ந்தே கிடைக்கும். கனமான இழுவைக் குதிரை மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர் நடக்கும், நடுவில் பல வாசல்களில் நிற்கவும் வேண்டும். ஆகவே ஒரு நாள் நடை 60 கிலோமீட்டர் என்று உங்கள் வரைபடம் காட்டினால், அதே பெயருள்ள வேறு ஊரைப் பிடித்துவிட்டீர்கள்.

அப்புறம் பணம். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். பொலிக் கட்டணம் தனி, குதிரைக்காரருக்கான சில்லறை தனி. பின்னது அநேகமாக அங்கேயே கையில், முன்னது பருவம் முடிந்து ஜனவரி வாக்கில். குட்டி நிச்சயம் என்றால் ஒரு விலை, நிச்சயமில்லை என்றால் குறைந்த விலை என்றும் போடுவார்கள். எந்தத் தேதியில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மறு வருடம் கட்டணம் இறங்கியிருந்தால் அது குதிரையைப் பற்றி நிறையச் சொல்லும்.

இப்போது வம்சாவளிக்கு வரலாம். இதில் சந்தேகத்தோடுதான் நுழைய வேண்டும். கிளைட்ஸ்டேல் சங்கம் தொடங்கியது 1877இல், முதல் பதிவேடு வெளிவந்தது 1878இல், அதுவும் பழைய குதிரைகளைப் பின்னோக்கிச் சேர்த்துத் தொகுத்தது. அதனால்தான் 1866இல் பிறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு 673 என்ற எண்ணும், 1872இல் பிறந்த டார்ன்லிக்கு 222 என்ற எண்ணும் இருக்கின்றன. பெயரோடு எண் இருந்தால் சரிபார்க்கலாம். எண் இல்லாமல் வெறும் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்றிருந்தால் நம்பாதீர்கள், அந்தப் பெயரில் காலனி முழுக்கக் குதிரைகள் திரிந்தன. 'யங்' என்று முன்னால் வந்தால் பெரும்பாலும் அந்தப் பெயருடைய குதிரையின் மகன். பந்தயக் குதிரை வம்சமென்றால் ஆஸ்திரேலியப் பதிவேட்டின் முதல் தொகுதி 1878இல் வந்தது, அங்கே பாருங்கள். உயரம் 16.2 என்று போட்டிருந்தால் தசமம் இல்லை, 16 கை 2 அங்குலம். ஒரு கை 4 அங்குலம்.

சில விளம்பரங்களில் இந்தியச் சந்தைக்கு ஏற்ற குட்டிகளைத் தரும் குதிரை என்றிருக்கும். இது வெற்றுப் பேச்சு அல்ல. பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு ஆஸ்திரேலியக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன, மெட்ராஸிலும் இறங்கின. ஆனால் அது சவாரிக்கும் பீரங்கி இழுக்கவும் தோதான, சற்று இலேசான குதிரைகளின் உலகம், உழவுக் குதிரை விளம்பரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உடல்நலம் பற்றிய வாக்குறுதிகளைச் சோதிக்க அதிகம் வழியில்லை. காலில் வேண்டாத எலும்பு வளர்ச்சி, மூச்சிரைப்பு போன்ற பரம்பரைக் குறைகளை அரசு கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருவது ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. பிரிட்டனிலேயே ஊர் சுற்றும் பொலிகுதிரைக்கு உரிமம் கட்டாயமானது 1918ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முன்பென்றால் வேளாண் கண்காட்சிப் பரிசுப் பட்டியலைப் பாருங்கள், அந்தக் குதிரையின் குட்டிகள் பரிசு வாங்கினவா என்று. கட்டணத் தகராறு வழக்குச் செய்திகளையும் விடாதீர்கள், விளம்பரம் மறைத்ததை நீதிமன்றத்தில் போட்டு உடைத்திருப்பார்கள்.

மூன்று நான்கு பருவம் கழித்துக் குதிரை திடீரென்று அந்தத் தாளிலிருந்து காணாமல் போனால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதற்குள் அதன் சொந்த மகள்களே பருவத்துக்கு வந்திருக்கும், அதனால் உரிமையாளர் அதை வேறு மாவட்டத்துக்கு விற்றிருக்கலாம், மாற்றிக்கொண்டிருக்கலாம். ஜூன், ஜூலை மாத விற்பனை விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்து மாவட்டத் தாளில் அடுத்த ஆகஸ்டிலிருந்து மறுபடி தேடுங்கள். உரிமையாளர் பெயர் மாறியிருக்கும், நிறமும் பிறந்த ஆண்டும் தந்தையின் பெயரும் மாறாது.