ஒப்பாரி என்ற சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

முதலில் அகராதியைத் திறக்காதீர்கள். ஒப்பாரி சொல்லத் தெரிந்த ஒருவரிடம் போய் உட்காருங்கள். இழவு வீட்டில் கேட்கக் கூடாது. கருமாதி முடிந்து கொஞ்ச நாள் போகட்டும். அப்போதும் வீட்டுக்குள் வைத்துச் சொல்லப் பலர் சம்மதிக்க மாட்டார்கள். சாவில்லாத வீட்டில் அந்தப் பாட்டு ஆகாது. என் அப்பாயி களத்துமேட்டுக்குக் கூட்டிப்போய், வைக்கோல் போரடியில் உட்கார்ந்துதான் தாத்தாவுக்குச் சொன்னதைத் திரும்பச் சொன்னார்.

செத்தவரை எதெதுவாக அழைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் இருந்தவை: நிறைஞ்ச குதிரு, நிலைக்கு வந்த தேர், வத்தாத ஊத்து.

"தாத்தா பேரே வரலையே அப்பாயி?"

"புருசன் பேர நான் எப்புடிய்யா சொல்ல? ஒப்புச் சொல்லித்தான் அழுவணும்."

வேர் களத்துமேட்டிலேயே கிடைத்துவிட்டது: ஒப்பு.

இனி அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936, ஆறு தொகுதிகள்) இணையத்திலேயே இருக்கிறது. ஒப்பாரிக்கு அழுகை என்ற பொருளோடு ஒப்பு என்ற பொருளும் அதில் உண்டு. அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு குறள் 1071-க்குப் போங்கள்:

மக்களே போல்வர் கயவர் அவரன்ன
ஒப்பாரி யாங்கண்டது இல்.

கயவர் பார்வைக்கு மனிதர் போலவே இருப்பார்கள்; அப்படியோர் ஒப்புமையை வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். சாவுமில்லை, அழுகையுமில்லை. முதன்முதல் இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதனால்தான் சொல்கிறேன், பழைய ஆட்சியைப் பார்க்கும் முன் சொல்லை உடைக்காதீர்கள். 'ஒப்பு + ஆர்ப்பு, ஒப்புச் சொல்லி அரற்றுவது' என்று பிரிக்கக் கை பரபரக்கும். குறளில் அரற்றலுக்கு எங்கே இடம்?

சங்க காலத்தில் இந்த அழுகைக்கு வேறு பெயர் இருந்ததையும் பாருங்கள். பாரி மகளிர் பாடிய புறநானூறு 112-இன் துறை கையறுநிலை, அதாவது இழப்பில் செயலற்றுப் புலம்புவது. அதில் உவமையே இல்லை. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் இருந்தது; இன்றைய நிலவில் இரண்டும் இல்லை, அவ்வளவுதான்.

'ஒப்புக்கு அழுவது' என்ற பேச்சை வைத்து, ஒப்பாரியே பொய் அழுகை என்பவர்களை நம்ப வேண்டாம். அப்பாயியின் குரல் உடைந்த இடம் எனக்குத் தெரியும்.

கடைசியாக, எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டுங்கள். அப்பாயி ஓரிடத்தில் நிறுத்தினார். "நிறைஞ்ச குதிருன்னா சொன்னேன்? நெறகுதிருன்னு எழுதுய்யா."