ரசாயனம் தெறித்தால் முதலில் தண்ணீர், பிறகுதான் கார்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ், மொபேனி, பிராஸ்பெக்டன் என்ற தொழிற்பேட்டைகள் பக்கம் வேலை செய்பவர்களுக்குக் காஸ்டிக் சோடாவும் ஆசிடும் அன்றாடச் சாமான்கள். ஒருவர்மேல் அது தெறித்தவுடன் கூட இருப்பவர்கள் பதறிப்போய்க் காரை எடுக்க ஓடுவார்கள். உயிரைக் காக்கத்தான் ஓடுகிறார்கள், ஆனால் அங்கேதான் காயம் ஆழமாகிறது. நெருப்பு சுட்டால் நெருப்பை விட்டு விலகியபின் சூடு மெல்ல மெல்லத் தணிந்துவிடும். ரசாயனம் அப்படியில்லை. கழுவி எடுக்கும்வரை, காரில் போகும் ஒவ்வொரு நிமிடமும், தோலைத் தின்றுகொண்டே இருக்கும்.

பார்த்தவர் உரக்கக் கத்தட்டும். நம் தொழிற்சாலைகளில் எல்லோருக்கும் புரியும் சொல் 'அமான்ஸி', ஜூலு மொழியில் தண்ணீர். ஒருவர் அடிபட்டவரை ஷவருக்குக் கூட்டிப்போக, இன்னொருவர் 10177க்கோ, கைபேசியிலிருந்து 112க்கோ ஆம்புலன்ஸ் கேட்கட்டும். கூட்டிப்போகிறவர் கையுறை போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அடிபட்டவர்கள் இருவராகிவிடுவார்கள்.

உடை கழற்றிவிட்டு நனைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். உடையோடு ஷவரில் நிறுத்தி, தண்ணீர் ஓடும்போதே கழற்றுங்கள். டீ-ஷர்ட்டைத் தலைவழியே இழுத்தால் நெஞ்சில் இருந்த ஆசிட் முகத்துக்கு வந்துவிடும். கத்தரிக்கோலால் முன்பக்கம் வெட்டி எடுங்கள். அந்தக் கத்தரிக்கோல் ஷவர் குழாயிலேயே கயிற்றில் தொங்கட்டும். மோதிரம், கடிகாரம், வளையல், ஷூ, சாக்ஸ் எல்லாம் போக வேண்டும். காவடி மாதத்தில் கையில் காப்புக் கயிறு கட்டியிருப்பவர்கள் பலர். முறுக்கிய நூல் காஸ்டிக்கை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சுற்றிலும் கழுவிவிட்டோம் என்று நினைக்கும்போது, அந்த நூலுக்கு அடியில் மட்டும் வளையம் போலத் தோல் வெந்துகொண்டிருக்கும். தயங்காமல் அறுத்துவிடுங்கள், விரதம் கெடாது. முருகன் கேட்பது பக்தியை, மணிக்கட்டை அல்ல.

பெண்கள் உடை கழற்றக் கூசி ஷவரை விட்டு வெளியே வருவது உண்டு. ஷவர் பக்கத்தில் ஒரு திரையும் இரண்டு சுத்தமான போர்வையும் வைத்தால் அந்தத் தயக்கம் தீரும். இதற்கு ஆகும் செலவு அற்பம்.

எவ்வளவு நேரம்? ஆசிட் என்றால் குறைந்தது அரை மணி. காஸ்டிக், அமோனியா, ஈரச் சிமெண்ட் போன்ற காரங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆசிட் பட்ட தோல் பெரும்பாலும் இறுகி, ஒரு தடுப்புப் போல நின்றுவிடும். காரமோ தோலின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். முதலில் வழுவழுப்புத்தான் தெரியும், வலி பிந்தி வரும். அதனால் 'வலி இல்லை, போதும்' என்ற பேச்சைக் காரத்தில் நம்பவே கூடாது. ஆசிடா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள் இருந்தால் கழுவிப் பத்து நிமிடம் கழித்துத் தோலில் ஒற்றிப் பாருங்கள். ஆசிடும் காரமும் இல்லாத 7 அளவில் நிலைக்கவில்லை என்றால் மறுபடியும் கழுவுங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் ஜூலைக் குளிரில் நடுக்கம் எடுக்கும். அங்கே ஷவருக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும்.

கண்ணில் பட்டால் இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி கழுவுங்கள். அப்போதுதான் அழுக்குத் தண்ணீர் நல்ல கண்ணுக்குப் போகாது. குறைந்தது அரை மணி நேரம். கான்டாக்ட் லென்ஸைக் கழுவிக்கொண்டே எடுக்க வேண்டும்.

ஆசிடுக்குச் சோடா உப்பு, காஸ்டிக்குக் காடி என்று முறிக்கப் பார்க்காதீர்கள். இரண்டும் சேரும்போது கிளம்பும் சூடு வெந்த தோலை இன்னொரு தரம் வேகவைக்கும். மஞ்சள், நெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

தண்ணீருக்கு முன் யோசிக்க வேண்டியவை சில உண்டு. சுட்ட சுண்ணாம்புத் தூள் நீர் பட்டால் கொதிக்கும். முதலில் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர். சோடியம் உலோகத்தின்மேல் தண்ணீரே ஊற்றக் கூடாது, துண்டுகளை இடுக்கியால் எடுத்து மினரல் எண்ணெயில் போடுங்கள்.

ஹைட்ரோபுளோரிக் ஆசிட் தனிக் கதை. துருப்பிடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கழுவும் கலவைகளில் இது இருக்கும். 20 சதவீதத்துக்குக் குறைந்த கரைசல் பட்டால் வலி தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் அது எலும்புவரை இறங்கி, ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து இதயத் துடிப்பையே குலைத்துவிடும். உள்ளங்கை அளவு காயம்கூட ஆளைக் கொல்லலாம். இதைப் பயன்படுத்தும் இடத்தில் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழுவி, கையுறை போட்ட கையால் ஜெல்லை விடாமல் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இத்தனையும் ஷவரில் தண்ணீர் வந்தால்தான். பத்து விநாடியில் எட்டும் தூரத்தில், வழியில் டிரம்மோ பலகையோ இல்லாமல் அது இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 75 லிட்டர் கொட்ட வேண்டும், அதாவது 20 நிமிடத்துக்கு 1,500 லிட்டர். டர்பனில் குழாய் தண்ணீர் நிற்கும் நாட்களை எண்ணி, ஷவருக்கென்றே 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை உயரத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை ஷவரைத் திறந்து விடுங்கள். தகரக் கூரைக்கு அடியில் ஓடும் குழாயில் ஜனவரி வெயிலில் தேங்கிய தண்ணீர் தொட முடியாத சூட்டில் வரும். கையை நீட்டிப் பாருங்கள், சுட்டால் குழாய்க்கு உறை போடச் சொல்லுங்கள்.

கழுவி முடித்ததும் காயத்தைச் சுத்தமான துணியால் தளர்வாக மூடி அனுப்புங்கள். கூடவே அந்தப் பொருளின் பாதுகாப்பு விவரத் தாளும் லேபிளின் படமும் போகட்டும். பெயரோடு எத்தனை சதவீதக் கரைசல் என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். விஷத் தகவலுக்கு 0861 555 777 இரவும் பகலும் உண்டு.

1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்புக்காக முதலாளி தர வேண்டிய கையுறைக்கோ கண்ணாடிக்கோ சம்பளத்தில் ஒரு சென்ட் பிடிக்கக் கூடாது. காயம் பற்றித் தெரிந்த 7 நாளுக்குள் டபிள்யூ.சிஎல்.2 படிவத்தில் அவர் இழப்பீட்டு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய உடையை இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் தொழிற்சாலையிலேயே விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் துணியோடு துவைக்க வேண்டாம். தோல் ஷூ எத்தனை முறை கழுவினாலும் உள்ளே ஊறியது போகாது, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.