கேர் வேலை விண்ணப்பத்தில் ‘மோர் கேரிங் தேன்’

பிரிட்டனில் கேர் ஹோம் (முதியோர் போன்றவர்களைப் பராமரிக்கும் இல்லம்) வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் அன்பையும் பொறுமையையும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் ஒப்பிட்டு எழுதும் வரியில்தான் சறுக்குகிறார்கள்.

தமிழில் ‘மற்றவர்களை விட அன்பானவள்’ என்றால் போதும், ‘விட’ என்பதே வேலையை முடித்துவிடும். அந்தப் பழக்கத்தில் ‘ஷீ இஸ் கேரிங் தேன் அதர்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அது போதாது. கேரிங்குக்கு முன்னால் ‘மோர்’ (more), பின்னால் ‘தேன்’ (than), இரண்டும் வேண்டும். பேஷன்ட் (பொறுமையான), தாட்ஃபுல் (பிறரை நினைத்து நடக்கும்), கம்பேஷனட் (இரக்கமுள்ள) எல்லாமே இப்படித்தான். கைண்ட், வார்ம் போன்ற குட்டிச் சொற்களுக்கு மட்டும் ‘மோர்’ கிடையாது: கைண்டர், வார்மர். ‘மோர் கைண்டர்’ என்றால் இரட்டிப்பு. அழுத்திச் சொல்ல ‘வெரி கைண்டர்’ வராது, ‘மச் கைண்டர்’.

‘தேன்’ எழுதும்போது டி, எச் அடுத்து ஏ. அங்கே இ விழுந்தால் ‘பிறகு’ என்று பொருள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடு பல நேரம் வராது.

பேஷன்ட் இன்னொரு பொறி. பொறுமை அதிகம் என்று நினைத்து ‘ஐ ஹேவ் மோர் பேஷன்ட்ஸ்’ என்று எழுதினால், ‘என்னிடம் நோயாளிகள் அதிகம்’ என்றாகும். பொறுமைக்கான பேஷன்ஸ் சி, இ என முடியும். குழப்பமே வேண்டாமென்றால் ‘ஐ ஆம் மோர் பேஷன்ட்’. கேர்ஃபுல் என்பதையும் கேரிங்குக்குப் பதிலாகப் போடாதீர்கள். அதில் இருப்பது எச்சரிக்கை, பரிவு அல்ல.

‘ஐ கேர் ஃபார் ஹெர் மோர் தேன் மை சிஸ்டர்’ என்பதற்கு இரு பொருள் உண்டு: தங்கை அவரைக் கவனிப்பதை விட, அல்லது நான் தங்கையைக் கவனிப்பதை விட. தங்கை கவனிப்பதை விட நான் அதிகம் கவனிக்கிறேன் என்பதுதான் கருத்தென்றால், கடைசியில் ‘டஸ்’ சேருங்கள்.

இலக்கணம் சரியாக இருந்தாலும், ‘மற்ற ஊழியர்களை விட நான் அன்பானவள்’ என்ற வரி விண்ணப்பத்தில் எடுபடாது. படிப்பவருக்கு அது வெறும் தற்பெருமை. மறதி நோயுள்ள முதியவர் சாப்பிட மறுத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒப்பீடு உண்மையில் உதவுவது வேலையில் சேர்ந்தபின், நீங்கள் கவனிக்கும் முதியவரைப் பற்றி எழுதும் தினக்குறிப்பில். ‘மோர் செட்டில்டு தேன் யெஸ்டர்டே’ (நேற்றை விட அமைதியாக இருந்தார்) என்று எழுதி, பக்கத்திலேயே கண்டதையும் எழுதுங்கள்: மதியச் சாப்பாட்டை முழுதும் சாப்பிட்டார், இரண்டு முறைதான் எழுந்து நடந்தார்.