ஓடத் தொடங்கியவர்களுக்கு: தண்ணீர் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விடியற்காலையில் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் பலர் ஒரு டம்ளர் டீயோடு ஓட வந்துவிடுகிறார்கள். சில ரவுண்டு போனதும் கால் கனக்கிறது. உடனே "தண்ணி பத்தல" என்று பாட்டிலைக் கவிழ்க்கிறார்கள். என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் சோர்வுக்குப் பெரிய காரணம் தண்ணீர் இல்லை, சோறு. ஆனால் அளந்து பார்த்துவிட்டுச் சொல்வதுதான் நியாயம்.

படி 1: வியர்வையை அளந்துகொள்ளுங்கள்

ஒரு எடை மெஷின் போதும். சிறுநீர் கழித்துவிட்டு, ஷூ இல்லாமல், குறைந்த உடையோடு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். நடுவில் குடித்த தண்ணீரைக் கணக்கு வையுங்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு அதே உடையோடு மறுபடி எடை பாருங்கள்.

50 கிலோ இருந்தவர் 49.2 கிலோ ஆகியிருக்கிறார், நடுவில் 300 மில்லி குடித்திருக்கிறார் என்றால், 800-ம் 300-ம் சேர்த்து 1.1 லிட்டர் வியர்த்திருக்கிறது. இழந்ததை எல்லாம் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. எடை இழப்பு 2 சதவீதத்துக்குள், அதாவது இவருக்கு 1 கிலோவுக்குள் இருந்தால் போதும். அதைத் தாண்டினால்தான் வேகம் குறையத் தொடங்கும். மீதியை ஓடி முடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

எடை கூடியிருந்தால்? தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அளவுக்கு மீறிய தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் ஆபத்து.

ஓசூர் குளிரில் எடுத்த கணக்கு ஏப்ரல் மாத தருமபுரி வெயிலுக்குப் பொருந்தாது. ஊரும் பருவமும் மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொன்று. நம் மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஓடுகிறவர் மற்றவரைவிட அதிகம் குடிப்பார், ஆகவே குழாயில் வரும் காவிரித் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது.

படி 2: ஓடும்போது என்ன குடிப்பது

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். போலீஸ் தேர்வின் 1500 மீட்டருக்கு ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வாங்குவது காசுக்குக் கேடு. ஒன்றரை மணி நேரம் ஓடுகிறவர்கள் வீட்டிலேயே கலக்கலாம்: 1 லிட்டர் தண்ணீர், தலைதட்டிய டீஸ்பூனில் 10 சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. புதிதாகக் குடிக்கும் எதையும் போட்டி நாளில் முயலாதீர்கள். எனர்ஜி டிரிங்க் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

படி 3: சாப்பாடு

ஓடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. 50 கிலோ என்றால் 50 கிராம். பெரிய வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். விடியற்காலையில் அவ்வளவு இறங்காது, சரி. ஒரு பழமாவது சாப்பிட்டுவிட்டு, முந்தின இரவுச் சாப்பாட்டைக் குறைக்காமல் இருங்கள்.

ராகிக் களி நல்ல சாப்பாடுதான். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, வளரும் எலும்புக்கு அது தேவை. ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் களி உருண்டையை விழுங்கினால் வயிற்றிலேயே கிடக்கும். அதை மதியத்துக்கோ இரவுக்கோ வைத்துக்கொண்டு, கீரையும் கொள்ளும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லியோ சோறோ, கூடவே புரதமும் வேண்டும். இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் 18 கிராம் அளவுக்கு வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டல், நிலக்கடலை, தயிர் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

படி 4: அப்படியும் சோர்வு போகவில்லையா?

இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு, எட்டு மணி நேரம் தூங்கியும் கால் கனம் குறையவில்லை என்றால், பயிற்சியைக் கூட்டாமல் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பாருங்கள். 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒளித்து வைக்கிற பிள்ளைகள் உண்டு, விழுங்கிவிடுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும்.

பெண் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போனால் "ஓடுறதால அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். செலவழிக்கும் அளவுக்கு உடம்புக்குச் சாப்பாடு போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பையும் பலவீனமாக்கும். அம்மாவிடம் சொல்லி, டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் ஓடலாம்.